மெசேஜ் கியூவோடு கிளையண்ட் இணையவில்லையா? எங்கே, எந்த வரிசையில் தேடுவது

நிரலை ஓடவிடுகிறீர்கள். மெசேஜ் கியூவை (நிரல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளை வரிசையில் வைத்திருக்கும் ஏற்பாடு) நடத்தும் சர்வரான புரோக்கரோடு இணைய முடியவில்லை என்று ஒரு பிழை வருகிறது. அதன் கீழே ஐம்பது அறுபது வரிக்கு ஸ்டாக் டிரேஸ். மெசேஜ் கியூ பக்கம் புதிதாக வருகிற எல்லாருக்கும் இது நடக்கும். அந்த நேரத்தில் பலரும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் மாற்றிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பாஸ்வேர்டை மாற்றுவார்கள், போர்ட்டை மாற்றுவார்கள், ஃபயர்வாலை நிறுத்துவார்கள், சர்வரையே ரீஸ்டார்ட் செய்வார்கள். சில சமயம் இணைப்பு கிடைத்தும்விடும். எதனால் கிடைத்தது என்று தெரியாததால், அதே பிழை திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இணைப்பு எந்தக் கட்டத்தில் நின்றது? நிரலில் 'கனெக்ட்' என்பது ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் பல வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. சர்வரின் பெயரை ஐபி முகவரியாக மாற்ற வேண்டும். அந்த முகவரிக்கு டிசிபி இணைப்பு போட வேண்டும். இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் இருந்தால் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும். அப்புறம் அந்தப் புரோக்கருக்குப் புரிகிற நெறிமுறையில் பேச்சைத் தொடங்க வேண்டும். பிறகு தான் யார் என்று கிளையண்ட், அதாவது உங்கள் நிரல், நிரூபிக்க வேண்டும். கடைசியாக, அந்தப் பயனருக்கு உள்ளே வர அனுமதி இருக்க வேண்டும்.

முந்தையது முடியாமல் அடுத்தது தொடங்காது. ஆகவே 'பாஸ்வேர்டு தவறு' என்று பதில் வந்தால் நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது. ஃபயர்வாலைத் தொட வேண்டாம். 'டைம் அவுட்' வந்தால் உங்கள் பாஸ்வேர்டை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை. அதை மாற்றி ஒரு பயனும் இல்லை.

எடுத்துக்காட்டுகளை ராபிட்எம்கியூ, ஐபிஎம் எம்கியூ, காஃப்கா ஆகிய புரோக்கர்களிலிருந்தும் எம்கியூடிடி நெறிமுறையிலிருந்தும் எடுத்திருக்கிறேன். காஃப்காவை மெசேஜ் கியூ என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். இணைப்புப் பிழை விஷயத்தில் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

தொடங்குமுன் குறித்துக்கொள்ள வேண்டியவை

முதலில் பிழைச் செய்தியை முழுதாக எடுத்து வையுங்கள். ஜாவா நிரல் என்றால் மேலே தெரிகிற முதல் வரி பெரும்பாலும் பொதுவான புலம்பல்தான். கீழே போய், கடைசியாக வருகிற 'காஸ்டு பை' வரியைப் பாருங்கள். உண்மையான காரணம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, சர்வர் பெயர், போர்ட், பயனர் பெயர், விர்ச்சுவல் ஹோஸ்ட் (ராபிட்எம்கியூவுக்குள் தனியாகப் பிரித்த பகுதி) அல்லது கியூ மேனேஜர் (ஐபிஎம் எம்கியூவில் கியூக்களை நடத்தும் சர்வர்) பெயர், டிஎல்எஸ் உண்டா இல்லையா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கான்ஃபிக் ஃபைலில் இருப்பதைப் பார்த்து எழுதினால் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் எந்த மதிப்பை எடுத்துக்கொண்டது என்பதுதான் முக்கியம். சூழல் மாறி ஒன்று கான்ஃபிக்கை மேலெழுதியிருக்கலாம், பழைய கன்டெய்னர் இமேஜே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். நிரல் தொடங்கும்போது பாஸ்வேர்டைத் தவிர மற்றதையெல்லாம் லாகில் ஒரு வரியாக அச்சிடச் செய்யுங்கள். இணைப்புப் பிழைகளில் கணிசமானவை அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே தீர்ந்துபோகும்.

பிழை வந்த நேரத்தையும் குறியுங்கள். சர்வர் லாக் யுடிசி நேரத்தில் இருக்கலாம், உங்கள் கணினி உள்ளூர் நேரத்தில் இருக்கலாம். அந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் தவறான பக்கத்தைப் படித்துவிட்டு 'லாகில் ஒன்றுமே இல்லை' என்று சொல்பவர்கள் நிறைய.

சர்வர் வரை போய்ச் சேருகிறதா?

'அன்நோன் ஹோஸ்ட்' என்று வந்தால் பெயரே முகவரியாக மாறவில்லை. எழுத்துப்பிழையைப் பாருங்கள், டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். சோதனையை உங்கள் மடிக்கணினியில் செய்யாமல், நிரல் ஓடுகிற இடத்திலிருந்தே செய்ய வேண்டும். கன்டெய்னருக்குள் ஓடுகிறது என்றால் கன்டெய்னருக்குள் போய்ச் செய்யுங்கள். கன்டெய்னருக்குள் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் அது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். பக்கத்துக் கன்டெய்னரில் இருக்கும் புரோக்கரையோ, வெளியே இருக்கும் கணினியையோ குறிக்காது. டாக்கர் கம்போஸில் என்றால் புரோக்கருக்கு நீங்கள் வைத்த சர்வீஸ் பெயரைத்தான் சர்வர் பெயராகக் கொடுக்க வேண்டும்.

பெயர் சரி என்றால் அடுத்தது டிசிபி. இங்கே இரண்டு பிழைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் மறுமுனையிலிருந்து பதில் வந்திருக்கிறது: இந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்ற பதில். லினக்ஸில் இதன் எண் 111, விண்டோஸில் 10061. புரோக்கர் ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது, அல்லது அந்தக் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும்படி 127.0.0.1 முகவரியில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது காரணம் புதியவர்களை நன்றாக ஏமாற்றும், ஏனென்றால் சர்வருக்குள்ளே போய்ச் சோதித்தால் எல்லாம் வேலை செய்யும். எம்கியூடிடி புரோக்கரான மஸ்கீட்டோ 2020 இறுதியில் வந்த 2.0 பதிப்பிலிருந்து, லிஸனர் (எந்த முகவரியில், போர்ட்டில் இணைப்புக்குக் காத்திருப்பது என்ற அமைப்பு) எதையும் கான்ஃபிக்கில் எழுதாவிட்டால் உள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும்தான் ஏற்கிறது. பழைய பாடங்களைப் பார்த்து நிறுவியவர்கள் இதில் மாட்டிக்கொள்வது சகஜம். சர்வரில் 'எஸ்எஸ்' கட்டளையைக் கொடுத்து எந்த முகவரியில் லிஸனர் இருக்கிறது என்று பாருங்கள். 0.0.0.0 என்றோ அந்தக் கணினியின் வெளி முகவரி என்றோ இருந்தால் சரி.

'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' வேறு கதை. அனுப்பிய பாக்கெட்டுக்குப் பதிலே இல்லை. லினக்ஸில் 110, விண்டோஸில் 10060. பொதுவாக நடுவில் ஒரு ஃபயர்வாலோ கிளவுட் செக்யூரிட்டி குரூப்போ பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது. அல்லது ஐபி முகவரியே தவறு. லினக்ஸ் தன் வழக்கமான அமைப்பில் ஆறு முறை திரும்ப முயன்று, இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் காத்திருந்துதான் கைவிடும். நிரல் 'தொங்கி நிற்கிறது' என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். கிளையண்ட் நூலகத்தில் இணைப்புக்கான டைம் அவுட்டைப் பத்து வினாடிபோலக் குறைத்து வைத்தால் சோதனையும் சீக்கிரம் முடியும்.

இந்தக் கட்டத்தைச் சோதிக்கக் கியூ பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. லினக்ஸில் நெட்கேட், விண்டோஸ் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன். சர்வர் பெயரையும் போர்ட்டையும் கொடுத்தால் போதும். பிங் செய்து பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். பிங் போர்ட்டைச் சோதிப்பதில்லை. பல இடங்களில் பிங்கையே அடைத்தும் வைத்திருப்பார்கள்.

போர்ட் எண்கள் நினைவில் இருந்தால் வசதி. ராபிட்எம்கியூவுக்கு 5672, டிஎல்எஸ் என்றால் 5671. அதன் நிர்வாகப் பக்கம் 15672. பிரவுசரில் அது திறக்கிறதே என்று அதே எண்ணைக் கிளையண்டிலும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ஐபிஎம் எம்கியூவுக்கு 1414, காஃப்காவுக்கு 9092, ஆக்டிவ்எம்கியூவுக்கு 61616, எம்கியூடிடிக்கு 1883, டிஎல்எஸ்ஸோடு 8883. இவையெல்லாம் வழக்கமான எண்கள்தான், நிர்வாகி மாற்றியிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நடுவில் லோட் பேலன்சரோ பிராக்ஸியோ இருந்தால், பின்னால் புரோக்கர் செத்துக் கிடந்தாலும் நெட்கேட் 'இணைந்தேன்' என்று சொல்லக்கூடும். இணைந்தது பிராக்ஸியோடு. இணைந்த மறுகணமே அறுந்தால் இதையும் மனதில் வையுங்கள்.

டிஎல்எஸ் ஒரு பக்கம், இல்லாதது மறுபக்கம்

இந்த வகைப் பிழையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். பிழைச் செய்தி சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ஒரு நிமிட வேலை.

டிஎல்எஸ் பேசும் கிளையண்ட், சாதாரணப் போர்ட்டில் போய் இணைகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளையண்ட் முதலில் அனுப்பும் பைட்டுகள் 22, 3 என்று தொடங்கும். 22 என்றால் டிஎல்எஸ் கைகுலுக்கல், 3 என்பது பதிப்பு எண்ணின் முதல் பாதி. ராபிட்எம்கியூவோ இணைப்பின் தொடக்கத்தில் ஏ, எம், கியூ, பி என்ற நான்கு எழுத்துகளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் சர்வர் லாகில் 'பேட் ஹெடர்' என்று எழுதி, வந்த பைட்டுகளையும் பக்கத்தில் போட்டுவிடும். அங்கே 22, 3 என்று பார்த்தால் யாரோ டிஎல்எஸ்ஸோடு 5672-இல் வந்து முட்டுகிறார்கள் என்று பொருள். கிளையண்ட் பக்கம் இதே விஷயம் 'ராங் வெர்ஷன் நம்பர்' என்றோ, ஜாவாவில் 'அன்சப்போர்ட்டெட் ஆர் அன்ரெகக்னைஸ்டு எஸ்எஸ்எல் மெசேஜ்' என்றோ தெரியும். டிஎல்எஸ் பதிப்பை 1.2, 1.3 என்று மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எதிரில் இருப்பது டிஎல்எஸ்ஸே இல்லை.

காஃப்காவில் இதே தவறு இன்னும் விசித்திரமாக வெளிப்படும். காஃப்காவின் ஒவ்வொரு கோரிக்கையும் தன் நீளத்தைச் சொல்லும் நான்கு பைட் எண்ணோடு தொடங்குகிறது. டிஎல்எஸ் கிளையண்ட் அனுப்பிய 22, 3, 3, 1 என்ற நான்கு பைட்டுகளைச் சர்வர் நீளம் என்று நினைத்துப் படித்தால் 369296129 வரும். வழக்கமான உச்சவரம்பு 104857600, அதாவது 100 எம்பி. ஆகவே 'செய்தி மிகப் பெரிது' என்று லாகில் பிழை. புதியவர்கள் இதைப் பார்த்ததும் உச்சவரம்பை உயர்த்தப் போவார்கள். உயர்த்தக் கூடாது. யாரும் 350 எம்பி செய்தி அனுப்பவில்லை. கடைசி இலக்கம் சற்று மாறலாம், ஆனால் 369296 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால் டிஎல்எஸ் கிளையண்ட் தவறான போர்ட்டுக்கு வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தலைகீழாக, சாதாரணக் கிளையண்ட் டிஎல்எஸ் போர்ட்டுக்குப் போனால், சர்வர் அனுப்பும் டிஎல்எஸ் எச்சரிக்கை 21, 3, 3, 0 என்று தொடங்கும். அதை நீளமாகப் படித்தால் 352518912. கிளையண்ட் அவ்வளவு நினைவகத்தை ஒதுக்கப் பார்த்து, ஜாவாவில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று சாய்ந்துவிடும். நினைவகப் பற்றாக்குறை என்று ஹீப் அளவைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் உண்டு. கிளையண்ட் கான்ஃபிக்கில் செக்யூரிட்டி புரோட்டோகால் என்ற ஒரு வரி விடுபட்டிருந்ததுதான் காரணம்.

இன்னொரு எண்ணும் உங்கள் கண்ணில் படலாம்: 1195725856. இது ஜி, இ, டி என்ற மூன்று எழுத்துகளும் ஓர் இடைவெளியும் சேர்ந்தது. அதாவது எச்டிடிபி கோரிக்கை. யாரோ காஃப்கா போர்ட்டைப் பிரவுசரில் திறந்திருக்கிறார்கள், அல்லது ஒரு ஹெல்த் செக் அங்கே எச்டிடிபி பேசிக்கொண்டிருக்கிறது. உங்கள் பிழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமல்கூட இருக்கலாம்.

இரண்டு பக்கமும் டிஎல்எஸ்தான், ஆனாலும் கைகுலுக்கல் தோற்கிறது என்றால் பார்க்க வேண்டியவை: சான்றிதழ் காலாவதி, சான்றிதழில் இருக்கும் பெயரும் நீங்கள் இணையும் பெயரும் ஒன்றா, சான்றிதழ் வழங்கிய அமைப்பு உங்கள் டிரஸ்ட் ஸ்டோரில் (நம்பத்தக்க அமைப்புகளின் பட்டியல்) இருக்கிறதா, கணினியின் கடிகாரம் சரியா. ஐபி முகவரியைக் கொடுத்து இணைகிறீர்கள், சான்றிதழிலோ பெயர் மட்டும்தான் இருக்கிறது என்றால் தோற்கும். ஓபன்எஸ்எஸ்எல் கருவியின் எஸ்-கிளையண்ட் கட்டளை சர்வர் தருகிற சான்றிதழ் சங்கிலியை அப்படியே காட்டிவிடும். இடைநிலைச் சான்றிதழைச் சர்வர் அனுப்பவில்லை என்பதும் அதில் தெரியும். ஐபிஎம் எம்கியூவில் இந்தக் கட்டப் பிழைகள் 2393 என்றும், ஜாவா கிளையண்டில் 2397 என்றும் வரும். அங்கே சேனலில் (கிளையண்ட் கியூ மேனேஜருக்குள் நுழையும் பெயரிட்ட வழி) குறித்த சைஃபர் ஸ்பெக்கும், அதாவது மறைகுறியாக்க முறையும், கிளையண்டில் குறித்ததும் ஒத்துப்போகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

சான்றிதழ்ச் சரிபார்ப்பையே அணைத்துவிடுங்கள் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். சோதனைச் சூழலில் காரணத்தை உறுதிசெய்ய ஒரு தடவை செய்யலாம், அவ்வளவுதான். அப்படி அணைத்த வரி உற்பத்திச் சூழலுக்குப் போய்ச் சேர்ந்து வருடக்கணக்கில் யாரும் கவனிக்காமல் கிடப்பது மென்பொருள் உலகில் புதிதல்ல.

காஃப்காவின் இரண்டாவது முகவரி

காஃப்காவில் மட்டும் தனியாக ஒரு சிக்கல் உண்டு. மற்றவற்றில் நீங்கள் கொடுத்த முகவரியோடு இணைந்தால் முடிந்தது. காஃப்காவிலோ நீங்கள் கொடுப்பது பூட்ஸ்டிராப் முகவரிதான். கிளையண்ட் அங்கே போய், கிளஸ்டரில் எந்தெந்தப் புரோக்கர்கள் இருக்கிறார்கள் என்று கேட்கிறது. சர்வர் ஒரு பட்டியல் தருகிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் முகவரிகளுக்குக் கிளையண்ட் புதிதாக இணைகிறது. பட்டியலில் என்ன இருக்கும் என்பதை அட்வர்டைஸ்டு லிஸனர்ஸ் என்ற அமைப்பு முடிவுசெய்கிறது.

அங்கே 'லோக்கல்ஹோஸ்ட்' என்று இருந்தால் என்ன ஆகும்? முதல் இணைப்பு வெற்றி. அப்புறம் கிளையண்ட் தன் கணினியிலேயே காஃப்காவைத் தேடிப்போகும், அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். டாக்கரின் உள்பெயர் இருந்தால், வெளியே இருக்கும் கிளையண்டுக்கு அந்தப் பெயரே தெரியாது. நெட்கேட் சோதனை பாஸ், நிரல் மட்டும் ஃபெயில் என்றால் பெரும்பாலும் இதுதான்.

லாகில் நோட் (கிளஸ்டரிலுள்ள ஒரு புரோக்கர்) எண்ணைக் கவனியுங்கள். 'நோட் -1' என்று மைனஸில் இருந்தால் பூட்ஸ்டிராப் முகவரியே எட்டவில்லை. முந்தைய பகுதிகளுக்குத் திரும்பிப் போங்கள். 'நோட் 0', 'நோட் 1' என்று இருந்தால் பட்டியல் வந்துவிட்டது, அதிலுள்ள முகவரிதான் எட்டவில்லை. கேகேட் என்ற சிறு கருவி சர்வர் தருகிற பட்டியலை அப்படியே காட்டும். அதில் வருகிற ஒவ்வொரு பெயரையும் கிளையண்ட் ஓடும் இடத்திலிருந்து எட்ட முடிகிறதா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். உள்ளேயும் வெளியேயும் கிளையண்டுகள் இருந்தால் இரண்டு லிஸனர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி அறிவிக்க வேண்டும்.

நீ யார், உனக்கு அனுமதி உண்டா

ராபிட்எம்கியூவை நிறுவியதும் கெஸ்ட் என்ற பயனர் இருப்பார், பாஸ்வேர்டும் கெஸ்ட். உங்கள் கணினியில் எல்லாம் ஓடும். வேறொரு கணினியிலிருந்து முயன்றால் 403, 'ஆக்சஸ் ரெஃப்யூஸ்டு'. பாஸ்வேர்டு தவறு இல்லை. 3.3.0 பதிப்பிலிருந்து கெஸ்ட் பயனர் லோக்கல்ஹோஸ்டிலிருந்து மட்டுமே நுழைய முடியும். அந்தத் தடையை நீக்க வழி இருக்கிறது, நீக்காதீர்கள். ஒரு புதுப் பயனரை உருவாக்கி, அவருக்கு விர்ச்சுவல் ஹோஸ்டில் அனுமதி கொடுங்கள். பயனரை உருவாக்குவது ஒரு வேலை, அனுமதி கொடுப்பது இன்னொரு வேலை. இரண்டாவதை மறந்தால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 530 வரும். விர்ச்சுவல் ஹோஸ்ட் பெயரே தவறு என்றாலும் அதே 530-தான்.

இணைப்பு முகவரியை ஒரே சரமாக எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதன்மை விர்ச்சுவல் ஹோஸ்டின் பெயரே ஒரு சாய்கோடு. முகவரியின் கடைசியில் சாய்கோடு மட்டும் போட்டுவிட்டால் அது பெயரில்லாத விர்ச்சுவல் ஹோஸ்ட் என்று புரிந்துகொள்ளப்படும். அந்தச் சாய்கோட்டைச் சதவீதக் குறியீடாக மாற்றி எழுத வேண்டும், இல்லையென்றால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். பாஸ்வேர்டில் '@', '#', '/' போன்ற குறிகள் இருந்தாலும் அதேபோல மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பாஸ்வேர்டின் பின்பாதியைச் சர்வர் பெயர் என்று நூலகம் நினைத்துக்கொள்ளும். அப்போது 'அன்நோன் ஹோஸ்ட்' வரும், நீங்கள் டிஎன்எஸ்ஸைத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஐபிஎம் எம்கியூவில் இந்தக் கட்டத்தின் பிழை 2035, 'நாட் ஆத்தரைஸ்டு'. ஏன் அனுமதி இல்லை என்று கிளையண்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாது. வேண்டுமென்றேதான் சொல்வதில்லை: பயனர் பெயர் தவறா, பாஸ்வேர்டு தவறா, சேனல் விதி தடுத்ததா என்று வெளியே சொன்னால், உள்ளே நுழையப் பார்ப்பவனுக்கு அது உதவியாகிவிடும். காரணம் கியூ மேனேஜரின் எர்ரர் லாகில்தான் இருக்கும். லினக்ஸில் கியூ மேனேஜரின் கோப்புறைக்குள் எர்ரர்ஸ் என்ற கோப்புறையில், 01 என்று முடியும் லாக் ஃபைல்தான் ஆகப் புதியது.

அங்கே காரணம் மூன்று வகையாக இருக்கலாம். 9776, 9777 என்ற எண்கள் இருந்தால் சேனல் அனுமதி விதி தடுத்திருக்கிறது. 7.1 பதிப்பிலிருந்து புதிதாக உருவாக்கும் கியூ மேனேஜரில் நிர்வாகப் பயனர்கள் கிளையண்ட் சேனல் வழியாக நுழைவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும். ஆகவே நிர்வாகி கணக்கில் சோதித்துப் பார்த்துவிட்டு 'எல்லா உரிமையும் உள்ள எனக்கே இல்லையா' என்று திகைக்க வேண்டாம்; உரிமை அதிகம் என்பதால்தான் தடை. 5534, 5540 என்றால் பயனர் பெயர், பாஸ்வேர்டு சரிபார்ப்பில் சிக்கல். முதலாவது சரிபார்ப்பு தோற்றது, இரண்டாவது நிரல் பாஸ்வேர்டே அனுப்பவில்லை. இந்தச் சரிபார்ப்பு 8.0 பதிப்பில் வந்தது. 8077 என்றால் ஆள் உள்ளே வந்துவிட்டார், குறிப்பிட்ட பொருளின் மேல் உரிமை இல்லை.

சேனல் விதிகளையே மொத்தமாக அணைத்துவிடுவது இதற்கான 'வைத்தியமாக' இணையம் முழுக்கச் சுற்றுகிறது. அதைச் செய்தால் பிழை போகும், பாதுகாப்பும் கூடவே போகும். கியூ மேனேஜரை நிர்வகிக்கும் ரன்எம்கியூஎஸ்சி கருவியில் சேனல் விதிகளை 'ரன்செக்' முறையில் கேட்டால், குறிப்பிட்ட முகவரியிலிருந்து குறிப்பிட்ட பயனர் வந்தால் எந்த விதி பொருந்தும் என்று சொல்லிவிடும். அந்த ஒரு விதியை மட்டும் சரிசெய்யுங்கள்.

ஐபிஎம் எம்கியூவின் மற்ற எண்கள் அவ்வளவு மர்மமானவை அல்ல. 2538 என்றால் சர்வரை எட்டவில்லை. 2058 என்றால் கியூ மேனேஜர் பெயர் தவறு. 2059 என்றால் கியூ மேனேஜர் கிடைக்கவில்லை. 2540 என்றால் அந்தப் பெயரில் சேனல் இல்லை. இந்தக் கடைசியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சேனல் பெயர்களில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. ரன்எம்கியூஎஸ்சியில் மேற்கோள் குறி இல்லாமல் பெயரைத் தட்டினால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றிவிடும். நீங்கள் சின்ன எழுத்தில் உருவாக்கியதாக நினைத்துக்கொண்டு நிரலிலும் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள்.

எம்கியூடிடியின் 3.1.1 பதிப்பில் இணைப்பை மறுக்கும் பதில் எண்கள் ஐந்துதான்: 1 நெறிமுறைப் பதிப்பு ஏற்கப்படவில்லை, 2 கிளையண்ட் ஐடி ஏற்கப்படவில்லை, 3 சர்வர் தயாராக இல்லை, 4 பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு, 5 அனுமதி இல்லை. 

இணைகிறது, ஆனால் நிற்பதில்லை

எம்கியூடிடியில் இரண்டு நிரல்கள் ஒரே கிளையண்ட் ஐடியோடு வந்தால், பிந்தியவர் வந்ததும் முந்தியவரைச் சர்வர் வெளியே தள்ளிவிடும். வெளியே போனவர் தானாக மறுபடி இணைவார். இவர் வெளியே போவார். இருவர் லாகிலும் சில வினாடிக்கு ஒருமுறை துண்டிப்பு, இணைப்பு, துண்டிப்பு என்று முடிவில்லாமல் ஓடும். ஐடியை மாற்றாமல் ஒரே நிரலை இரண்டு பிரதிகளாக ஓடவிடும்போது இது கட்டாயம் நடக்கும். ஐடியில் ஏதாவது தனித்த பகுதியைச் சேருங்கள்.

சும்மா இருக்கும் நேரத்தில் மட்டும் அறுகிறது என்றால் நடுவிலுள்ள ஃபயர்வாலோ லோட் பேலன்சரோ ஓய்வாக இருக்கும் இணைப்புகளைக் கழித்துக்கட்டுகிறது. சும்மா இருக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லினக்ஸின் டிசிபி கீப் அலைவ் வழக்கமாக இரண்டு மணி நேரம் கழித்துத்தான் விழிக்கும். அதற்குள் நடுவிலுள்ளவை இணைப்பை மறந்திருக்கும். புரோக்கரின் ஹார்ட்பீட்டை ('நான் இருக்கிறேன்' என்று அவ்வப்போது அனுப்பும் சிறு செய்தியின் இடைவெளி) அந்த ஓய்வு வரம்பைவிடக் குறைவாக வையுங்கள்.

ஹார்ட்பீட்டாலேயே அறுவதும் உண்டு. ராபிட்எம்கியூவின் வழக்கமான ஹார்ட்பீட் 60 வினாடி. பைதானின் பிகா நூலகத்தில் பிளாக்கிங் இணைப்பை வைத்துக்கொண்டு, செய்தி வந்த ஃபங்ஷனுக்குள்ளேயே ஐந்து நிமிட வேலை செய்தால், அந்த நேரம் முழுக்க நூலகத்தால் ஹார்ட்பீட் அனுப்ப முடியாது. சர்வர் 'மிஸ்டு ஹார்ட்பீட்ஸ்' என்று எழுதிவிட்டு அறுத்துவிடும். வேலை முடிந்து 'அக்' (செய்தியை முடித்துவிட்டேன் என்ற ஒப்புகை) அனுப்பும்போதுதான் இணைப்பு போன விஷயமே உங்களுக்குத் தெரியும். ஹார்ட்பீட்டைப் பூஜ்ஜியமாக்குவதை விட, நீண்ட வேலையை வேறொரு திரெட்டுக்கு மாற்றுவது நல்லது.

இணைப்பு இருக்கிறது, ஆனால் அனுப்பினால் அப்படியே நின்றுவிடுகிறது என்றால் ராபிட்எம்கியூவில் மெமரி அல்லது டிஸ்க் அலாரம் அடித்திருக்கிறதா பாருங்கள். டிஸ்கில் காலியிடம் வரம்புக்குக் கீழே போனால் செய்தி அனுப்பும் இணைப்புகளைச் சர்வர் முடக்கி வைக்கும். வழக்கமான வரம்பு 50 எம்பி. கிளையண்டில் பிழை எதுவும் வராது. நிர்வாகப் பக்கத்தில் இணைப்பின் நிலை 'பிளாக்டு' என்று இருக்கும்.

காலையில் நன்றாக ஓடி, மதியத்துக்குமேல் புது இணைப்புகளே கிடைக்கவில்லை என்றால் இணைப்புக் கசிவைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு புது இணைப்பு திறந்து மூடாமல் விடும் நிரலே பெரும்பாலும் காரணம். சர்வரில் ஃபைல் டிஸ்கிரிப்டர் வரம்பு 1024 என்று சின்னதாக இருந்தால் சீக்கிரமே தட்டுப்படும். ஐபிஎம் எம்கியூவில் கியூ மேனேஜரின் சேனல் வரம்பு வழக்கமாக 100. வரம்பை உயர்த்துமுன், இணைப்புகளின் பட்டியலை எடுத்து எந்தக் கணினியிலிருந்து எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நிரலுக்கு ஓரிரண்டு நீண்டகால இணைப்பு போதும்.

மறுஇணைப்பு முயற்சிகளுக்கு நடுவே காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டே போகச் செய்யுங்கள், அதில் கொஞ்சம் தற்செயல் வித்தியாசமும் சேருங்கள். புரோக்கர் ரீஸ்டார்ட் ஆனதும் ஐந்நூறு கிளையண்டுகள் ஒரே வினாடியில் டிஎல்எஸ் கைகுலுக்க வந்தால், எழுந்த சர்வர் மறுபடி படுத்துவிடும்.

சர்வர் குழுவிடம் கேட்கும்போது

சர்வர் லாகைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டால் பார்க்கக்கூடியவரிடம் போக வேண்டும். 'கியூ வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால், 'இங்கே எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது' என்றுதான் பதில் வரும். கிளையண்ட் ஓடும் கணினியின் ஐபி முகவரி, இணைய முயன்ற பெயரும் போர்ட்டும், பயனர் பெயர், விர்ச்சுவல் ஹோஸ்ட் அல்லது சேனல் பெயர், கிளையண்ட் நூலகத்தின் பதிப்பு, பிழை எண், வினாடி வரைக்குமான நேரமும் நேர மண்டலமும், நெட்கேட் சோதனையின் விடை ஆகியவற்றை எழுதுங்கள். கடைசியாக எப்போது வேலை செய்தது, அதற்குப் பிறகு எது மாறியது என்பதையும் சேருங்கள். பாஸ்வேர்டை எழுதாதீர்கள். இணைப்பு முகவரியை அப்படியே ஒட்டினால் அதற்குள்ளும் பாஸ்வேர்டு இருக்கும். அனுப்புமுன் ஒருமுறை பார்த்து அதை மறைத்துவிடுங்கள்.